மூக்குப் பக்கம் கேட்காத ரேடியோ: வீட்டில் கட்டும் விமானத்தில் ஆன்டெனாக்களுக்கு இடம் பார்த்தது

எலஹங்காவிலிருந்து தொட்டபள்ளாபுரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்று கட்டப்பட்டு வருகிறது. கட்டுபவர் அல்சூரில் குடியிருக்கும் தமிழர். விமானத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவேன். உடற்பகுதியும் வாலும் ஃபோமின் இருபுறமும் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியால் ஒட்டிச் செய்தவை. தாழ்வாக அமைந்த இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் மட்டும் கார்பன் ஃபைபர். முன்னால் ரோடாக்ஸ் 912 எஞ்சின். ரேடியோ, வயரிங் வேலைகளை நான் பார்க்கிறேன்.

பேச்சு ரேடியோவின் ஆன்டெனா ஏற்கெனவே செங்குத்து வாலுக்குள் போயிருந்தது. செம்புப் பட்டையை ஃபோமில் ஒட்டி, மேலே கண்ணாடி இழையால் மூடிய டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேர, இரு பக்கமும் ஒவ்வொரு கை நீளும் ஆன்டெனா. நல்ல சுத்தமான வேலை. ரேடியோவைப் பொருத்தி, விமானத்தை வெளியே தள்ளி வைத்துக் கேட்டபோது, கெம்பேகவுடா விமான நிலையத்தின் ஏ.டி.ஐ.எஸ். ஒலிபரப்பு தெளிவாக வந்தது. காற்று, தெரிவுநிலை, எந்த ஓடுபாதை என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒலிபரப்பு அது. சரி, வேலை முடிந்தது என்று விமானத்தைத் திருப்பினோம். மூக்கு விமான நிலையத்தைப் பார்த்த நேரத்தில் குரல் இரைச்சலுக்குள் போய்விட்டது. வாலைத் திருப்பினால் திரும்ப வந்தது.

எந்தத் திசையில் கேட்காமல் போகிறது என்பதுதான் இங்கே முக்கியம். இறங்க வரும் விமானத்தின் மூக்கு பெரும்பாலும் டவரைப் பார்த்தே இருக்கும். பின்பக்கம் பலவீனமாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். முன்பக்கம் பலவீனமாக இருந்தால், பேச்சு மிக அவசியமான நிமிடத்தில்தான் அது காலைவாரும். அதுவும் இந்த வடபெங்களூர் வானத்தில். ஜக்கூர் பயிற்சி ஓடுதளம், அதன் பக்கத்திலேயே எலஹங்கா விமானப் படைத் தளம், கொஞ்சம் வடக்கே 2008-இல் திறந்த பன்னாட்டு விமான நிலையம், எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இங்கே சின்ன விமானக்காரர் அனுமதி கேட்காமல் ஒரு திருப்பம்கூடத் திரும்ப முடியாது.

மீட்டர் சொன்னதும் சொல்லாததும்

முதலில் ஆன்டெனா அனலைசரை மாட்டினோம். விமானப் பேச்சு அலைவரிசை 118-இல் தொடங்கி 137 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்த முழு நீளத்திலும், ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். எண் 2-ஐத் தாண்டவில்லை, நடுவில் 1.5-க்குப் பக்கத்தில் நின்றது. 2 என்றால் அனுப்பும் ஆற்றலில் சுமார் 11 சதவீதம் திரும்பி வருகிறது, 3 என்றால் 25 சதவீதம். 2-க்குக் கீழே இருந்தால் எந்த ரேடியோவும் குறை சொல்லாது.

இந்த இடத்தில்தான் பலர் மீட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எஸ்.டபிள்யூ.ஆர். சொல்வது ஒன்றே ஒன்று: ரேடியோ கொடுக்கும் ஆற்றலை ஆன்டெனா வாங்கிக்கொள்கிறதா என்பது. வாங்கிக்கொண்டதை எந்தப் பக்கம் அனுப்புகிறது என்று அது சொல்லாது. ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலைச் சூடாக்கி விழுங்கும் 50 ஓம் டம்மி லோடு ஒன்றை மாட்டிப் பாருங்கள், மீட்டர் 1 என்று காட்டும். ஆனால் ஒரு துளி அலைகூட வெளியே போகாது. ஆன்டெனாவுக்கு இடம் பார்க்கிற வேலையில் மீட்டருக்குப் பாதி வாக்குதான் உண்டு. மீதியை விமானத்தைச் சுற்றித் திருப்பித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சாக்பீஸ் வட்டம்

கொட்டகையின் கூரை தகரம். அதன் அருகில் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல. அலை அதில் பட்டுத் திரும்பி வந்து குழப்பும். எனவே தள்ளியிருந்த சிமென்ட் தளத்துக்கு விமானத்தைக் கொண்டுபோய், தரையில் 30 டிகிரிக்கு ஒரு கோடு வீதம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஆன்டெனா கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, மடிக்கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் சின்ன எஸ்.டி.ஆர். ரிசீவரில் மாட்டினோம். அதன் தானியங்கி கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியை, அணைத்து ஒரே அளவில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை குறையக் குறைய ரிசீவரே அதைத் தூக்கிக் கொடுத்து, எல்லாத் திசையும் ஒன்று போலக் காட்டும். ஏ.டி.ஐ.எஸ். நிற்காமல் ஒரே ஆற்றலில் வருவதால் இந்த வேலைக்கு மிகவும் தோதானது. ஒவ்வொரு கோட்டிலும் விமானத்தை நிறுத்தி, எல்லோரும் விலகி நின்று, அளவைக் குறித்துக்கொண்டோம்.

கேட்பதை வைத்து அனுப்புவதை எப்படி அளக்கலாம் என்று சார் கேட்டார். ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு வாங்குமோ, அதே திசையில் அதே அளவுதான் கொடுக்கவும் செய்யும். அது இயற்பியல் விதி. அதோடு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. விமான ரேடியோவில் பேச, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உரிமம் வேண்டும். அது கைக்கு வரும்வரை பேசும் பொத்தானைத் தொடக்கூடாது. கேட்பதை வைத்தே இவ்வளவும் கண்டுபிடிக்கலாம் என்பது கட்டுகிறவர்களுக்கு நல்ல செய்தி.

செங்குத்தாக நிற்கும் டைபோலின் பரவல் தட்டில் வைத்த உளுந்து வடை மாதிரி: சுற்றிலும் ஒரே அளவு, மேலேயும் கீழேயும் குழி. எங்கள் தாளில் வந்த வடையில் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது. மூக்கின் திசையிலும் அதன் இருபுறம் 30 டிகிரி வரையிலும், மற்ற இடங்களைவிட 10 டெசிபலுக்கு மேல் குறைவு. 10 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. 6 வாட் ரேடியோ அந்தத் திசையில் கால் கிலோமீட்டர் தள்ளி நிற்பவரிடம் பேசும்போது தெரியாது. தூரத்தில் இருக்கும் டவரிடம் பேசும்போது நன்றாகத் தெரியும்.

உலோக வரைபடம்

சாரின் முதல் எண்ணம், ஆன்டெனாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்பது. காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூரையான கானோபிக்குப் பின்னால் முதுகில் ஒன்று வைக்கலாம், அல்லது அடிவயிற்றில். நான் தடுத்தேன். வால் ஏன் சரியில்லை என்று தெரியாமல் வேறு இடத்துக்குப் போனால், அங்கேயும் அதே காரணம் காத்திருக்கலாம். ஆன்டெனாவுக்கு இடம் தேடுவதற்கு முன்னால், விமானத்தில் மின்சாரம் ஓடக்கூடிய ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று வரைந்தாக வேண்டும். இந்த வேலையை, வீட்டில் கட்டப் பாகங்களைத் தொகுப்பாகத் தரும் எந்தக் கிட்டின் கையேடும் வலியுறுத்திச் சொல்லி நான் பார்த்ததில்லை. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றுக்கும் முதல் படி.

பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் பெரிய தாளில் வரைந்து பிளைவுட்டில் ஒட்டினோம். செங்குத்தாக நிற்கும் கடத்திகளுக்குச் சிவப்பு, கிடையாக ஓடுபவற்றுக்கு நீலம். இந்தப் பிரிப்புக்குக் காரணம் உண்டு. விமானப் பேச்சு அலை செங்குத்துத் தளத்தில் அதிர்கிறது. எனவே அதைக் குலைப்பவை செங்குத்தான கம்பிகள். வழிகாட்டி நிலையமான வி.ஓ.ஆர். கிடைத்தளத்தில் அதிர்கிறது, அதைக் குலைப்பவை கிடையானவை. வாலுக்குப் போகும் அலுமினியத் தள்ளுகம்பி மூன்று மீட்டருக்கு மேல் நீளம், பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது கிடையாகப் படுத்திருப்பதால் வாலில் நிற்கும் டைபோலுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அரை அலைநீளத்துக்குப் பக்கத்தில் நீளம் உள்ள, செங்குத்தான, அருகில் இருக்கிற கம்பிதான் சந்தேகத்துக்குரியது. 127 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2.36 மீட்டர், அதில் பாதி 1.18. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தாளைப் பார்க்க வேண்டும்.

கார்பன் ஃபைபர் விஷயத்தில் ஒரு தெளிவு தேவை. கண்ணாடி இழை ரேடியோ அலைக்குத் திறந்த வாசல். கார்பன் மூடிய கதவு. கறுப்பாக இருப்பதெல்லாம் கார்பன் என்றும் இல்லை, வெளியே வெள்ளைப் பெயின்ட் இருப்பதெல்லாம் கண்ணாடி இழை என்றும் இல்லை. வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை எடுத்து, மேலிருக்கும் ரெசினை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வையுங்கள். ஓம் கணக்கில் ஏதாவது காட்டினால் கார்பன். இப்படிச் சோதித்ததில் கிட்டின் ரட்டர், அதாவது செங்குத்து வாலின் பின்னால் அசையும் பலகை, முழுக்கக் கண்ணாடி இழை என்று உறுதியாயிற்று. அதில் கார்பன் இருந்திருந்தால் வால் ஆன்டெனாவை அன்றே கைவிட்டிருப்போம்.

கண்ணாடி இழை விமானத்துக்குள் ஆன்டெனாவை ஒளிக்கும் கலை புதிதல்ல. பர்ட் ரூட்டான் வடிவமைத்த விமானங்களைக் கட்டியவர்களிடையே, ஜிம் வியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் செம்புப் பட்டை டைபோல்களைப் பரப்பினார். பெங்களூரிலேயே தேசிய விண்வெளி ஆய்வகமான நால், 1980-களில் ரூட்டானின் லாங்-ஈஸி வடிவத்தைக் கொண்டு ஒரு சிறு ஆய்வு விமானத்தைப் பறக்கவிட்டது. அதன் பிறகு அங்கே உருவான ஹன்ஸா என்ற சிறு விமானமும் கலவைப் பொருள் உடல்தான். இந்த ஊரில் எபாக்சியும் ஃபோமும் தெரிந்த கைகள் நிறையவே இருக்கின்றன.

தாளில் சிவப்புக் கோடுகள் எண்ணிக்கையில் குறைவாகவே வந்தன. எஞ்சினுக்குப் பின்னால், தீயைத் தடுக்கும் எஃகு ஃபயர்வால். இருக்கைக்குப் பின்னால், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் எஃகு வளைவு. உட்கார்ந்திருக்கும் இரண்டு மனிதர்கள். உப்புநீர் நிறைந்த உடலும் ஒரு கடத்திதான். இவை எல்லாம் வாலிலிருந்து தள்ளி இருப்பவை. டைபோலுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் கோடு ஒன்றே ஒன்று. வால் உச்சியில் மின்னும் விளக்குக்குப் போகும் கம்பி.

விளக்குக் கம்பி

அந்தக் கம்பி வாலின் முன்விளிம்பை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள், அடியிலிருந்து உச்சிவரை போயிற்று. டைபோலுக்கு ஒரு சாண் முன்னால், அதற்கு இணையாக, ஏறக்குறைய 1.2 மீட்டர். வீட்டு மொட்டைமாடியில் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா வைத்திருந்தவர்களுக்கு இது புரியும்: அதில் கேபிள் மாட்டியிருக்கும் குச்சிக்குப் பின்னால், எதிலும் இணைக்காத, கொஞ்சம் நீளமான ஒரு குச்சி இருக்கும். அலையை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவது அதன் வேலை. நம் விளக்குக் கம்பி அந்தக் குச்சியாகிவிட்டது. முன்னால் நின்று, முன்னால் போக வேண்டியதைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

ஊகம் போதாது என்று கம்பியை உருவினோம். திரும்ப இழுக்க வசதியாக அதன் நுனியில் நைலான் நூலைக் கட்டிக்கொண்டு, அடிவழியாக வெளியே எடுத்தோம். பிறகு மறுபடி சாக்பீஸ் வட்டம். மூக்குத் திசையின் அளவு மற்றத் திசைகளோடு சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசம், அவ்வளவுதான். அது எஞ்சினும் ஃபயர்வாலும் போடும் நிழல். நூலை இழுத்துக் கம்பியை உள்ளே விட்டதும் பழைய குழி அதே இடத்தில் வந்தது. இத்தனைக்கும் அனலைசரில் எஸ்.டபிள்யூ.ஆர். கம்பி இருந்தபோதும் இல்லாதபோதும் பெரிதாக மாறவில்லை. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இந்த விமானம் காதடைத்த மூக்கோடு பறக்கப் போயிருக்கும்.

காந்தப் பொருளான ஃபெரைட்டால் ஆன மணிகளைப் போட்டுக் கம்பியை ரேடியோ அலைக்கு மட்டும் துண்டாக்கலாம் என்ற யோசனை வந்தது. நல்ல யோசனை, ஆனால் இடம் தெரிந்து செய்ய வேண்டும். வாலின் அடியில் மட்டும் மணிகளைக் கோத்தால், மேலே மிஞ்சுவது தனியாக நிற்கும் 1.2 மீட்டர் கம்பி. அதாவது கச்சிதமான அரை அலைநீளம். வியாதியை இன்னும் கூட்டும் மருந்து அது. நடுவிலும் கோக்க வேண்டும், அதற்கு அந்தக் குழாயின் துளை போதவில்லை. மணிகளின் எடை வேறு வாலின் உச்சிப் பக்கம் ஏறும்.

விளக்கையே இடம் மாற்றலாம் என்றேன். சாருக்கு மனசே இல்லை. "தம்பி, வால் உச்சியில மின்னினாத்தான் தூரத்துல வர்றவனுக்குத் தெரியும். அதுக்காகத்தான் அந்தக் குழாயையே வெச்சேன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்றவர் கண்ணில் படுவதும் உயிர் காக்கும் விஷயம்தான். "சார், விளக்கு நின்னு மின்னுறதுக்கு ரெண்டு இறக்கை நுனி இருக்கு, அடிவயிறு இருக்கு. ரேடியோவுக்கு இந்த ஒரு வால்தான் இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறக்கை நுனிகளில் மின்னும் விளக்கை வைப்பதற்கு ஒப்புக்கொண்டார். வால் உச்சி வெறுமையாயிற்று.

வாலில் டைபோல் போட நினைப்பவர்களுக்குச் சில நுணுக்கங்கள். பட்டை அகலமாக இருக்கட்டும். 118-க்கும் 137-க்கும் இடையே உள்ள தூரம் நடு அலைவெண்ணில் சுமார் 15 சதவீதம். மெல்லிய கம்பி அவ்வளவு அகலத்தைத் தாங்காது. நடுவில் நன்றாக இருந்து ஓரங்களில் கைவிடும். அரை அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள பட்டை நன்றாகத் தாங்கும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் செம்பு டேப் கிடைக்கிறது, ஆனால் சிலவற்றின் பசை அடுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு துண்டுகளை ஒட்டினால் போதாது, ஈயம் வைத்தாக வேண்டும். சூடு அதிகமானால் ஃபோம் உருகிப் பள்ளமாகும் என்பதால், கேபிள் இணைப்பை மேசையில் வைத்துப் பற்றவைத்துவிட்டு அப்புறம் ஒட்டுவது நல்லது. ஒவ்வொரு கையும் அரை மீட்டருக்குச் சற்று மேல் வரும். கண்ணாடி இழையும் எபாக்சியும் மேலே வந்ததும் ஆன்டெனா ஒத்திசையும் அலைவெண் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால் நுனிகளை மூடாமல் விட்டுவைத்து, தோலை ஒட்டிய பிறகு வெட்டிச் சரிசெய்ய வழி வைக்க வேண்டும்.

கேபிள் டைபோலிலிருந்து செங்கோணத்தில் புறப்பட வேண்டும். அதன் அருகிலேயே மூன்று ஃபெரைட் வளையங்கள். இல்லாவிட்டால் கேபிளின் பின்னல் உறையும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகி, வரைபடத்தில் இன்னொரு சிவப்புக் கோடாகிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அனலைசரைப் பார்த்துக்கொண்டே கேபிளை நடுவில் கையால் பிடியுங்கள். எண் அசைந்தால் உறையில் அலை ஓடுகிறது என்று அர்த்தம். வாலுக்குப் பூசும் பெயின்ட்டில் உலோகப் பொடி கலந்த வெள்ளி நிறம் வேண்டாம் என்பதையும் சாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடிவயிற்றில் என்ன வைப்பது

விமானம் மேலே, டவர் கீழே என்பதால் ஆன்டெனா வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்பது ஓடுதளங்களில் அடிக்கடி கேட்கிற வாதம். காற்றில் இருக்கும்போது அது சரிதான். ஆனால் முதல் அனுமதி தரையில் நிற்கும்போது கேட்க வேண்டியது. இந்த விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. நேராக நிற்கும் கால் அலைநீளக் குச்சி, கிட்டத்தட்ட 56 சென்டிமீட்டர், அங்கே நிற்காது. பின்பக்கம் வளைந்த குச்சிதான் சாத்தியம். அதற்கு உள்ளே உலோகத் தளம் வேறு வேண்டும். அலுமினிய விமானத்தில் தோலே தளமாகிவிடும். கண்ணாடி இழையில் நாமே செய்ய வேண்டும். ஆன்டெனாவின் அடியிலிருந்து நான்கு திசைக்கும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளத்தில் செம்புப் பட்டைகளை உள்பக்கத் தோலில் ஒட்டினால் போதும்.

எனவே வளைந்த குச்சியை முதன்மையாக வைக்காமல், கைரேடியோவுக்கான இரண்டாவது ஆன்டெனாவாகப் பின்வயிற்றில் வைத்தோம். காக்பிட்டுக்குள் உட்கார்ந்து, கைரேடியோவின் சொந்த ரப்பர் ஆன்டெனாவோடு பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வால் ஆன்டெனாவுக்குக் கேட்காத கோணங்களில் இது கேட்கும் என்பது இன்னொரு ஆதாயம்.

ரேடார் கேட்கும்போது விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரின் ஆன்டெனா வயிற்றுக்கே உரியது. 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 1090-இல் பதில் சொல்லும் இந்தக் கருவிக்குக் கால் அலைநீளம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். ஒரு சிறு அலுமினிய வட்டத்தட்டு அதற்குத் தளமாகிவிடும். கிட்டின் படத்தில் அது பயணி இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. நூறு வாட்டுகளில் துடிக்கும் ஆன்டெனாவுக்கும் ஓர் ஆளின் இடுப்புக்கும் நடுவே கண்ணாடி இழைத் தோல் மட்டும் இருப்பதை நான் ஏற்கவில்லை. துடிப்பு நுண்நொடிக் கணக்குதான், சராசரி ஆற்றல் குறைவுதான். ஆனாலும் ஒரு மீட்டர் தள்ளி வைக்க இடம் இருக்கும்போது அங்கே வைப்பானேன்? சாமான் அறைக்குப் பின்னால் கொண்டுபோனோம். அதனால் கேபிள் இரண்டரை மீட்டராக நீண்டது. பேச்சு அலைவரிசையில் இந்த நீளம் ஒரு பொருட்டல்ல. 1090-இல் சாதாரண ஆர்.ஜி.-58 கேபிள் மீட்டருக்கு அரை டெசிபலுக்கு மேல் விழுங்கும். ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகிப் போகும். இரட்டை உறை கொண்ட ஆர்.ஜி.-400 போட்டோம். விலை கூடத்தான், ஆனால் இழப்பும் குறைவு, வெப்பத்தையும் தாங்கும். சக்கரக் கால்களின் நிழல் படாமல், எக்ஸாஸ்ட் புகையின் எண்ணெய் படியாமல் இருக்கும்படி நடுக்கோட்டிலிருந்து சற்று விலக்கி வைத்தோம்.

ஜி.பி.எஸ்., வி.ஓ.ஆர்.

ஜி.பி.எஸ்-க்கு வானம் தெரிந்தால் போதும். டாஷ்போர்டின் மேல்தட்டில், கானோபிக் கண்ணாடியின் கீழ் வைத்தோம். பின்னால் முதுகில் வைக்காததற்குக் காரணம் எஃகு வளைவு மட்டுமல்ல. பேச்சு ஆன்டெனாவிலிருந்தும் விபத்து நேர்ந்தால் உதவி கேட்கும் இ.எல்.டி. என்ற விபத்துக் கருவியின் ஆன்டெனாவிலிருந்தும் முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். அலைவெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதை 13-ஆல் வகுத்தால் 121.186, 12-ஆல் வகுத்தால் 131.285. ஆக 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய அலைவெண்களில் பேசும்போது, ரேடியோவின் மடங்கு அலை, அதாவது பேசும் அலைவெண்ணின் 12 அல்லது 13 மடங்கில் எழும் துணை அலை, ஜி.பி.எஸ். மேலேயே விழக்கூடும். பக்கத்தில் சும்மா நிற்கும் விபத்துக் கருவி ஆன்டெனாகூட அந்த அலையை வாங்கித் திரும்பக் கக்கும்.

வி.ஓ.ஆர். ரிசீவர் இப்போது வாங்கப் போவதில்லை. ஆனாலும் கிடைவாலின் ஃபோமில் செம்புப் பட்டையைப் போட்டு, கேபிளை இழுத்துச் சுருட்டி வைத்துவிட்டோம். தோலை மூடிய பிறகு அதைச் செய்யவே முடியாது.

விபத்து நேரத்தில் பேச வேண்டிய ஆன்டெனா

நான் அதிகம் யோசித்தது இ.எல்.டி. பற்றித்தான். மற்ற ஆன்டெனாக்கள் விமானம் முழுசாக இருக்கும்போது வேலை செய்தால் போதும். இது, விமானம் உடைந்த பிறகு வேலை செய்ய வேண்டும்.

மோதலின் அதிர்ச்சியில் தானே விழித்து, சுமார் 50 நொடிக்கு ஒரு முறை, அரை நொடி நீளத்துக்கு, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அடையாளம் சொல்லும் கருவி இது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அபாயக் குரலைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. அந்த அலை இப்போது அருகில் வந்துவிட்ட மீட்புக் குழு திசை பிடிக்க மட்டும்தான். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற அந்தப் பன்னாட்டு ஏற்பாட்டின் இந்திய மையம் பெங்களூரிலேயே, பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக்கில் இயங்குகிறது. இந்த விமானம் நாட்டுக்குள் எங்கே விழுந்தாலும் செய்தி நம் ஊருக்குத்தான் வரும். வர வேண்டுமானால் ஆன்டெனா உடையாமல், கேபிள் அறுபடாமல், வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சிறிய விமானம் தரையில் மோதினால் கவிழ்வது சகஜம். முதுகில் வெளியே நீட்டிய குச்சி அப்போது முறியும், அல்லது சேற்றில் புதையும். கருவி இருக்கைக்குப் பின்னாலும் ஆன்டெனா வாலிலும் இருந்தால், உடற்பகுதி எங்கே முறிகிறதோ அங்கே கேபிளும் அறும். இறக்கையின் கார்பன் ஸ்பாருக்கு அருகே வைத்தால், கவிழ்ந்த விமானத்தில் அதுவே வானத்தை மறைக்கும்.

இந்த மூன்றையும் தாளில் வைத்துப் பார்த்தபோது ஒரு இடம்தான் மிஞ்சியது. சாமான் அறைக்கும் வாலுக்கும் இடையிலான கூம்பு. நான்கு பக்கமும் கண்ணாடி இழை. நிமிர்ந்தாலும் கவிழ்ந்தாலும் அலைக்குத் திறந்தே இருக்கும். கருவியையும் ஆன்டெனாவையும் அந்த ஒரே அறையில், நடுவில் தடுப்புச்சுவர் எதுவும் வராமல், அரை மீட்டர் கேபிளில் இணைத்தோம். உள்ளே வைப்பதை அந்த மாடலின் தயாரிப்பாளர் கையேடு கலவைப் பொருள் விமானங்களுக்கு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துளை போட்டோம். எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது. மேலே போகும் அலுமினியத் தள்ளுகம்பியை ஆன்டெனா தொடாமல் இருக்க, தாங்குசட்டத்தை ஒரு பக்கமாக நகர்த்த வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு சார் நான்கு அடுக்குக் கண்ணாடித் துணி கூடுதலாகப் போட்டார். "மத்ததெல்லாம் பிச்சுக்கிட்டுப் போனாலும் இது நிக்கணும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே ரெசினைத் தடவினார்.

மீதி வேலை

இரண்டு பேரை இருக்கையில் உட்காரவைத்து, கானோபியை மூடி, ஹெட்செட் கம்பிகளோடு வட்டத்தை இன்னொரு முறை சுற்றினோம். வால் ஆன்டெனாவின் முன்பக்கத்தில் சிறு சரிவு மட்டும் தெரிந்தது. வயிற்று ஆன்டெனாவில் சக்கரக் கால்களின் திசையில் இரண்டு பள்ளங்கள் உண்டு. துணை ஆன்டெனாவுக்கு அது போதும் என்று விட்டிருக்கிறோம். சக்கரங்களுக்கு உறை மாட்டிய பிறகு அந்தப் பகுதியை மறுபடி அளக்க வேண்டும்.

டபிள்யூ.பி.சி. உரிமம் வந்ததும் எஞ்சினை ஓட்டி, பற்றவைப்பு இரைச்சலும் இறக்கை நுனி விளக்குகளின் இரைச்சலும் ரேடியோவில் நுழைகிறதா என்று கேட்போம். அப்புறம் மேலே சொன்ன ஆறு அலைவெண்களிலும், யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அரை நிமிடம் பொத்தானை அழுத்தி ஜி.பி.எஸ். திரையில் செயற்கைக்கோள்கள் விழுகின்றனவா என்று பார்ப்போம். விழுந்தால் இ.எல்.டி. கேபிளில் 1575 மெகாஹெர்ட்ஸை மட்டும் தடுக்கும் வடிகட்டி ஒன்று வரும். அதற்கான இடம் கூம்புக்குள் இப்போதே விடப்பட்டிருக்கிறது. உலோக வரைபடத்தாளைக் கொட்டகைச் சுவரிலேயே ஆணியடித்து வைத்திருக்கிறோம். இனி எந்தக் கம்பியை இழுத்தாலும், இழுப்பவர் முதலில் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் விமானத்தில் கைவைக்க வேண்டும் என்று சார் உத்தரவு போட்டிருக்கிறார்.